பவானிக்குக் கட்டிய குச்சு

காமயகவுண்டன்பட்டியிலிருந்து சுருளிப்பட்டிக்குப் போகிற பாதையில் இரண்டு பக்கமும் திராட்சைத் தோட்டங்கள். கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, மேலே கொடி படரவிட்ட பந்தல்கள். உள்ளே போனால் உயரமான ஆள் தலையைச் சாய்த்துத்தான் நடக்க வேண்டும். நாள் முழுக்கக் கையைத் தூக்கியே வேலை செய்கிற பெண்களுக்கு வலி அங்கே தெரியாது. வீட்டுக்கு வந்து அடுப்பிலிருந்து சோற்றுப்பானையை இறக்கும்போதுதான் தோள்பட்டை இரண்டும் கழன்று வருவது போலிருக்கும். சுப்புத்தாய் கல்யாணமாகி வந்த வருடத்திலிருந்து பந்தல் வேலைக்குப் போகிறவள். கவாத்து வெட்டு, இலை கிள்ளுதல், காய் கழித்தல், அறுப்பு எல்லாம் அவளுக்குக் கைவந்தவை.

இரண்டாயிரத்து ஐந்தாம் வருடம், பங்குனி. சுந்தரலிங்கத்தின் தோட்டத்தில் பன்னீர் திராட்சை அறுப்பு நடந்துகொண்டிருந்தது. கேரளாவுக்குப் போகிற லாரி பாதையில் நின்றது. பெண்கள் கொத்தைக் கத்தரித்து, வெடித்த பழங்களை நீக்கி, தாள் விரித்த பெட்டிகளில் அடுக்கினார்கள். பழச்சாற்றின் வாசத்துக்கு வந்த குளவிகள் காதோரம் சுற்றின. வாய்க்கால் ஓரத்து நிழலில் சுப்புத்தாயின் மகள் பவானி உட்கார்ந்து, ஈர மணலை அள்ளி விரலிடுக்கில் ஒழுகவிட்டுக்கொண்டிருந்தாள். வயது பதின்மூன்று. அம்மாவை விட ஒரு விரல்கடை உயரம்.

பவானிக்குப் பேச்சு வராது என்று ஊர் சொல்லும். அது சரியில்லை. காதில் விழுந்ததை அவள் அப்படியே திருப்பிச் சொல்லுவாள். டவுன் பஸ் கண்டக்டரின் குரலில், "ரைட், போலாம்" என்பாள். லாரியில் பெட்டி ஏற்றுகிற மலையாளத்துக்காரர்கள் போதும் என்பதற்கு, "மதி, மதி" என்பார்கள். அந்த வார்த்தையை மட்டும் அவள் அர்த்தத்தோடு எடுத்துக்கொண்டாள். தலையில் எண்ணெய் வைத்தால், "மதி." தட்டில் சோறு கூடினால், "மதி." யார் முகத்தையும் நேரே பார்க்க மாட்டாள். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு நின்றுபோனது. அதன்பிறகு அம்மா போகிற தோட்டமெல்லாம் அவளும் போனாள்.

சின்னப் பிள்ளையாக இருந்தபோது மதுரைக்குக் கொண்டுபோய்க் காட்டினார்கள். டாக்டர் ஆட்டிசம் என்று ஒரு பெயர் சொன்னார். அப்பன் ராக்கப்பனுக்கு ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டுவதற்குள் அந்தப் பெயர் மறந்துவிட்டது. டாக்டர் சொன்ன மற்றது மறக்கவில்லை. இது காய்ச்சல் மாதிரி வந்துபோகிற நோயில்லை, பிள்ளை இப்படித்தான் இருக்கும், இப்படியே வளரும். வளரும் என்ற சொல்லைச் சுப்புத்தாய் அன்றைக்கு ஆறுதலாக எடுத்துக்கொண்டாள்.

பொழுது உச்சிக்கு வரும் நேரம். பவானி எழுந்து பந்தலுக்குள் வந்து அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தாள். கையைக் காட்டினாள். விரலெல்லாம் சிவப்பு. திராட்சைச் சாறு என்றுதான் சுப்புத்தாய் முதலில் நினைத்தாள். பக்கத்து வரிசையில் நின்ற மொக்கம்மாள்தான் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"சுப்பு, கையப் பாக்காத. பாவாடையப் பாரு."

பவானி அழவில்லை. காலில் தைத்த முள்ளை எடுத்துவிடச் சொல்லி நிற்பது போல நின்றாள்.

"நல்ல சேதிதான ஆத்தா, ஏன் இப்பிடிக் கல்லாட்டம் நிக்கிற?" என்றாள் மொக்கம்மாள்.

"நல்ல சேதிதான்க்கா" என்றாள் சுப்புத்தாய். மகளின் இடுப்பில் தன் துண்டைச் சுற்றி, வரப்பு வழியாகவே வீட்டுக்குக் கூட்டிப்போனாள்.

அடுத்த நாட்கள் பெரும்பாடாகிவிட்டன. துணி வைத்துக் கட்டிவிட்டால், அம்மா திரும்புவதற்குள் பிய்த்து எறிந்துவிடுவாள். வாசலில் கிடக்கும், சோற்றுப்பானைக்குப் பக்கத்தில் கிடக்கும். கடையில் விற்கிற பஞ்சுப் பட்டையை வாங்கிக் கொடுத்துப் பார்த்தாள். அது நடக்கும்போது சரசரக்கிற சத்தத்துக்கே பவானி காதைப் பொத்திக்கொண்டாள். ராக்கப்பன் தோட்டங்களுக்கு மருந்தடிக்கப் போகிறவன். வேலை முடிந்து வந்தால் வீட்டுக்குள் வரத் தயங்கி, முருங்கை மரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தான். தண்ணீர் கேட்பதற்குக்கூடக் கூச்சப்பட்டான்.

மூன்றாம் நாள் அவன் பூத்துக்குப் போய் மார்க்கையன்கோட்டைக்குப் போன் போட்டான். பொழுதடைவதற்குள் சுப்புத்தாயின் அண்ணன் தங்கப்பாண்டியன் பெண்சாதி அக்கம்மாளோடு வந்து இறங்கிவிட்டான். நெல் விவசாயி. இரண்டும் பையன்களாகப் பெற்றவன். கையில் உளுந்து, கருப்பட்டி, செக்கு நல்லெண்ணெய்.

"என்ன மாப்ள, மூணு நா கழிச்சுச் சொல்றீக. எனக்கு இருக்கிறது ஒரே மருமக."

"சொல்லக் கூடாதுன்னு இல்ல மச்சான்" என்றான் ராக்கப்பன். "இங்கன என்ன செய்யிறதுன்னே வெளங்கல."

"செய்யிறதுக்கு என்ன கெடக்கு? மாமன் வந்து குச்சுக் கட்டணும். தண்ணி ஊத்தணும். ஒரு நல்ல நாள் பாத்து மேளத்தோட சீர் கொண்டாரணும். ஊர் ஒலகத்துல நடக்காததா?"

வயதுக்கு வந்த பிள்ளையைத் தனியாக உட்காரவைக்கத் தென்னங்கீற்றில் குச்சுக் கட்டுவது தாய்மாமனின் பாத்தியதை. அதை அவன் விட்டுக்கொடுக்க மாட்டான் என்று சுப்புத்தாய்க்குத் தெரியும்.

"அவளுக்கு மேளம் ஆகாதுண்ணே. கல்யாண வீட்டு வேட்டுச் சத்தத்துக்கே தலையச் செவுத்துல முட்டிக்கிருவா."

"அப்ப மொட்டையாப் போகட்டுங்கிறியா? இந்தா பாரு சுப்பு. புத்தியில்லாத புள்ளன்னு நாலு பேரு சொல்றாக. மாமனும் வந்து எட்டிப் பாக்கலைன்னா அது பொம்பளப் புள்ளையே இல்லன்னு ஆயிரும். நான் உசுரோட இருக்கிற வரைக்கும் அப்பிடி ஆக விடமாட்டேன்."

அவன் சொன்னதில் பாசம் இருந்தது, நியாயமும் இருந்தது. கடைசியில் மேளம் வேண்டாம், மைக் செட் வேண்டாம், வீட்டோடு சொந்தக்காரப் பெண்கள் நாலு பேர் மட்டும் என்று பேசி முடித்தார்கள்.

அந்த நாலு பேர் பதினைந்து பேரானார்கள். கொல்லையில் மூங்கில் நட்டுப் பச்சைக் கீற்று வேய்ந்து தங்கப்பாண்டியன் குச்சுக் கட்டினான். வாசலில் சீர்த் தட்டுகள் வரிசையாக இருந்தன. பவானியை மனையில் உட்காரவைத்தபோது பேசாமல் உட்கார்ந்தாள். முதல் செம்பு மஞ்சள் தண்ணீர் தலையில் விழுந்ததும் மூச்சு வாங்கினாள். "மதி" என்றாள். அடுத்த செம்பும் விழுந்தது. "மதி மதி" என்றாள். ஊற்றியவர்களுக்கு அது புரியவில்லை; பின்னால் நின்ற சுப்புத்தாயின் குரல் கூட்டத்தில் எடுபடவில்லை. யாரோ ஒருத்தி குலவை போட, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அந்தச் சத்தம் காதில் ஏறியதும் பவானி எழுந்து, தட்டுகளை மிதித்துக்கொண்டு தெருவுக்கு ஓடினாள்.

பஸ் நிற்கிற டீக்கடை வரைக்கும் ஈரத் துணியோடு ஓடிவிட்டாள். பின்னாலேயே ஓடிய தங்கப்பாண்டியன் எட்டி அவள் கையைப் பிடித்தான். அவன் மணிக்கட்டைப் பல் பதியக் கடித்துவிட்டு, அவள் ரோட்டிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். கடையிலிருந்தவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இரண்டு இளவட்டங்கள் சிரித்தார்கள். ராக்கப்பன் தன் துண்டைப் போர்த்தி மகளைத் தூக்கி வந்தான். தங்கப்பாண்டியன் கையில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு, ஒரு வாய் சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டான். குச்சு அப்படியே நின்று காய்ந்தது.

ஆப்பரேசன் என்கிற பேச்சு மொக்கம்மாளிடமிருந்துதான் வந்தது. அவள் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை.

"எங்க நாத்துனா ஊருல ஒரு புள்ள இப்பிடித்தான். கர்ப்பப்பைய எடுத்துவிட்டுட்டாக. மாசாமாசம் இந்தக் கண்றாவி இல்ல பாரு. தாய்க்கும் நிம்மதி. அதுக்கும் நிம்மதி. இவளுக்கு என்ன, கல்யாணமா காச்சியா?"

சுப்புத்தாய் அதை வீட்டில் சொன்னாள். சொல்லியிருக்க வேண்டாம் என்று அப்போதே தோன்றியது. ராக்கப்பன் அதைப் பிடித்துக்கொண்டான். வேறொரு சமயமாக இருந்தால் அவளே மறுத்திருப்பாள். ஆனால் அந்த மாதமும் தீட்டு வந்தது. பவானி துணியை எடுத்து, தோட்டத்து வாய்க்காலில், ஆட்கள் கை கழுவுகிற இடத்தில் வீசினாள். சுந்தரலிங்கம் தலையைக் குனிந்துகொண்டு, "கொஞ்ச நாளைக்குப் புள்ளைய வீட்டோட வச்சுக்கயேன் ஆத்தா" என்றார். வீட்டோடு வைத்தால் யார் பார்ப்பது? அவளும் வேலைக்குப் போகவில்லை. அறுப்புக் காலத்தில், பந்தலுக்குப் போகிற பெண்களின் பேச்சு வாசலைத் தாண்டிப் போவதைக் கேட்டுக்கொண்டு வீட்டில் கிடந்தாள். சரி, கேட்டுத்தான் பார்ப்போம் என்று அவளும் கிளம்பினாள்.

தேனியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. டாக்டரம்மா நடுவயதுக்காரி. பவானி அங்கிருந்த சுழல் நாற்காலியைச் சுற்றிவிட்டுக்கொண்டே இருந்தாள். டாக்டரம்மா அதைத் தடுக்கவில்லை.

"நல்லா இருக்கிற உறுப்பு. சின்னப் பொண்ணு. நான் அவசரப்பட்டுச் செய்யமாட்டேன்" என்றாள். "ஆனா செய்யிற எடம் இருக்கு. நான் வேண்டாம்னா நீங்க அங்க போவீங்க. அதனால கேக்கிறதக் கேட்டுட்டே போங்க."

"செஞ்சா எல்லாம் நின்னுருமாம்மா?" என்றான் ராக்கப்பன்.

"மாசாமாசம் வர்றது நிக்கும். மத்தபடி பொண்ணு வளரத்தான் செய்யும். கோவம் வரும், பிடிவாதம் வரும். எல்லாப் பிள்ளைக்கும் வர்றதுதான்."

"பெறகு கர்ப்பம்?"

"தங்காது."

ராக்கப்பன் முகம் லேசானதைச் சுப்புத்தாய் பார்த்தாள். அவன் இந்த ஒரு வார்த்தையைக் கேட்பதற்குத்தான் வந்திருக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. யோசித்துவிட்டு வருகிறோம் என்று சொல்லி எழுந்தார்கள்.

பஸ் நிலையத்தில் கம்பம் பஸ் வரவில்லை. பவானி ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு, "சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர்" என்று ஏதோ ஒரு கண்டக்டரின் குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். ராக்கப்பன் ஒரு பன் வாங்கி வந்து கொடுத்தான். மேல் பொருக்கை மட்டும் உரித்துத் தின்றுவிட்டு, மெத்தென்ற உள்பகுதியை அவன் கையிலேயே திருப்பி வைத்தாள்.

"செஞ்சுருவோம் சுப்பு" என்றான் அவன்.

"எதுக்குப் பயந்துக்கிட்டுச் செய்யச் சொல்றீக? ரத்தத்துக்கா?"

"ரத்தத்துக்கு என்ன பயம்." அவன் கையிலிருந்த பன்னைப் பிசைந்துகொண்டிருந்தான். நகக்கண்ணிலெல்லாம் கொடிக்கு அடிக்கிற மயில்துத்தத்தின் நீலம். எத்தனை தேய்த்தாலும் போகாது. "அன்னைக்கு அவ ரோட்டுல ஓடினப்ப, கடையில இருந்தவனுக பாத்த பார்வைய நீ பாக்கல. நான் பாத்தேன். அதுல எனக்கு மாமன் மொறைக்காரனும் இருந்தான். ஒரு நாயி ஒரு முறுக்கக் குடுத்துக் கூட்டிக்கிட்டுப் போனா இவ போயிருவா. வந்து சொல்லவும் மாட்டா. வயித்துல வந்து நின்னா என்ன செய்வ?"

ஒரு பஸ் வந்தது. போடி பஸ். போய்விட்டது.

"நானும் டாக்டரம்மா சொன்னதுலருந்து அதத்தான் நெனச்சுக்கிட்டு வாரேன்" என்றாள். "வயித்துல வந்தா நமக்குத் தெரியும். எடுத்துட்டா தெரியாது."

"என்ன பேச்சுப் பேசுற?"

"நெசத்தத்தான் பேசுறேன். எடுத்துட்டா அந்த நாயி வராம இருக்கப் போறானா? வருவான். நெதம் வருவான். புள்ள வாயத் தொறக்காது, வயிறும் காட்டாது. நாம ஒண்ணும் அறியாம சோறு பொங்கித் தின்னுக்கிட்டு இருப்போம். இது அவளக் காப்பாத்துற ஆப்பரேசன் இல்லங்க. நம்ம மானத்தக் காப்பாத்துறது. அதுக்கு அவ வயித்த எதுக்கு அறுக்கணும்?"

ராக்கப்பன் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அழுகிறானா என்று அவள் பார்க்கவில்லை. "அப்ப நாம செத்துட்டா?" என்று கேட்டான்.

சுப்புத்தாய் அவன் கையிலிருந்த பன்னை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

கம்பம் பஸ் வந்தது. பவானி முதல் ஆளாக ஏறி, சக்கரத்துக்கு மேலே இருக்கிற சீட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

ஒரு சனிக்கிழமை, குச்சனூர் கோயிலுக்குப் போய் வருகிறேன் என்று புருசனிடம் சொல்லிவிட்டு அக்கம்மாள் காமயகவுண்டன்பட்டிக்கு வந்தாள். கோயிலுக்கும் போயிருந்தாள். நெற்றியில் திருநீறு இருந்தது. வந்தவள் யாரையும் நலம் விசாரிக்கவில்லை. கொடியில் காய்ந்துகொண்டிருந்த துணிகளைத்தான் முதலில் தொட்டுப் பார்த்தாள். வீட்டில் தையல் மிஷின் வைத்து ஊருக்கே ஜாக்கெட் தைக்கிறவள்.

"இதத்தான் புள்ளைக்கு வக்கிறியா?"

"ஆமா மதினி. புதுத்துணிதான். மஞ்சப்பை கிழிச்ச துணியக்கூட வைக்கல. கடையில வாங்கினது."

"கஞ்சி போகாத துணி. அட்டையாட்டம் இருக்கு. இடுப்புக்குச் சணல்கயிறு மாதிரி ஒரு நாடா. இத எனக்குக் கட்டினா நானுந்தான் பிச்சு எறிவேன்." அக்கம்மாள் பவானியின் சட்டையைப் பார்த்தாள். தையல் வெளியே தெரிந்தது. "சட்டைய ஏன் திருப்பிப் போட்டு விட்டிருக்க?"

"உள்தையல் உறுத்துதுன்னு கழட்டிப் போட்டுருவா. சின்னதுலருந்தே திருப்பித்தான் போட்டுவிடுறது."

"அது தெரியுது. அப்ப இது?"

சுப்புத்தாய் கொடியில் கிடந்த துணியைப் பார்த்தபடி நின்றாள். பதின்மூன்று வருடம் அந்தப் பிள்ளையின் தோலை அறிந்தவள் அவள். ரத்தம் என்றதும் அவளுக்குப் பயமும் வெட்கமும் வந்து, அறிந்ததையெல்லாம் மறக்கடித்துவிட்டன.

"அவளுக்குப் புரியலன்னு நெனச்சேன் மதினி."

"புரியிறதுக்கு நீ என்ன காட்டின? உனக்கு வர்றப்ப அவளக் கூட வச்சுக் காட்டியிருக்கியா?"

"அய்ய, புள்ளைக்கு முன்னாலயா?"

"வேற யாரப் பாத்துக் கத்துக்குவா? பஸ்காரன் சத்தம் போடுறதப் பாத்துத்தான பேச்சக் கத்துக்கிட்டா. அவன் வந்து இதச் சொல்லிக் குடுப்பானா?"

சுப்புத்தாய் அத்தனை நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தாள்.

ராக்கப்பனின் பழைய வேட்டி ஒன்று இருந்தது. துவைத்துத் துவைத்துப் பூவாக ஆனது. விசயம் தெரிந்ததும் அவனே எடுத்து வந்து, நடுவில் பல்லால் கடித்து, நீளவாக்கில் கிழித்து மனைவியிடம் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டான். அக்கம்மாள் அந்த வாரமே நாடா இல்லாத, தையலெல்லாம் வெளிப்பக்கம் வைத்த உள்ளாடைகள் நாலைந்து தைத்து அனுப்பினாள்.

சுப்புத்தாய்க்குத் தீட்டு வந்தபோது மகளைக் கூடக் கூட்டிப்போனாள். பெற்ற பிள்ளையாக இருந்தாலும் உடம்பு கூசியது. "அம்மாவுக்கு வந்திருக்கு. அம்மா துணி மாத்துறேன். இது வாளியில. கைய சோப்புப் போட்டுக் கழுவணும்" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே செய்தாள். பவானி வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். கவனிக்கவில்லை என்றுதான் சுப்புத்தாய் நினைத்தாள். பவானிக்கு வந்தபோது, சுப்புத்தாயின் குரலிலேயே, அவள் இழுத்துச் சொன்ன மாதிரியே, "அம்மாவுக்கு வந்திருக்கு" என்று வந்து நின்றாள்.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. துணியை இப்போது எறியவில்லை. ஆனால் எங்கே தோன்றுகிறதோ அங்கேயே நின்று மாற்றப் பார்த்தாள். வாசல், மரத்தடி, எதுவும் அவளுக்கு ஒன்றுதான். அந்த வீட்டில் குளிப்பதற்கு இருந்தது நாலு கம்பு நட்டு ஓலைத்தட்டி சுற்றிய மறைவு. கூரை கிடையாது, கதவுக்குப் பதில் ஒரு கிழிந்த சேலை. காற்றடித்தால் அதுவும் பறக்கும். மறைவு என்றால் என்ன என்று அந்த இடத்தை வைத்து யாருக்கும் சொல்லிக்கொடுக்க முடியாது.

இதையெல்லாம் அக்கம்மாள் புருசனிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். தங்கப்பாண்டியன் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. அடுத்த திங்கட்கிழமை காலையில் ராக்கப்பன் வீட்டு வாசலில் ஒரு டிராக்டர் வந்து நின்றது. டிரெய்லரில் ஹாலோபிளாக் கல், மணல், சிமென்ட் மூட்டை, மேலே கயிறு போட்டுக் கட்டிய ஓர் இரும்புக் கதவு.

"என்ன மச்சான் இது?" என்றான் ராக்கப்பன்.

"சீரு." தங்கப்பாண்டியன் இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டினான். கொல்லையில் காய்ந்து நின்ற தென்னங்கீற்றுக் குச்சைப் பார்த்தான். "மாமன்தான குச்சுக் கட்டணும். இது பத்து நாள்ல பிச்சுப் போடுறது. இவளுக்கு இது பத்தாதுன்னு அக்கம்மா சொல்றா."

கீற்றுக் குச்சை அவனே பிரித்தான். அதே இடத்தில் குளியலறைக்குக் கடைக்கால் தோண்டினார்கள். கொத்தனார் ஒருவர்தான். சித்தாள் வேலைக்கு மாமனும் அப்பனும். மணலைக் கொட்டிய உடனே பவானி அதன் உச்சியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். கொத்தனார் சட்டி கொண்டுவந்தால், "மதி" என்றாள்.

"புள்ளைய எறக்கி விடுங்கப்பா, வேல ஓடணும்ல" என்றார் கொத்தனார்.

தங்கப்பாண்டியன் அவளைத் தொடவில்லை. அவன் மணிக்கட்டில் பல் தடம் இன்னும் கருத்திருந்தது. சல்லடையைக் கொண்டுவந்து மணலுக்குப் பக்கத்தில் வைத்து, ஒரு கை அள்ளிப் போட்டு ஆட்டினான். நைஸ் மணல் கீழே புகையாக இறங்கியது. பவானி கொஞ்ச நேரம் சல்லடையைப் பார்த்தாள். இறங்கி வந்து அவன் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டாள். சாயந்தரம் வரை சலித்தாள். பூச்சுக்கு வேண்டிய அளவுக்கு மேல் சலித்த மணல் கிடந்தது.

மத்தியானம் சுப்புத்தாய் கேப்பைக்களி கிண்டி, கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். தங்கப்பாண்டியன் களியில் குழி பறித்துக் குழம்பை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டான்.

"அன்னைக்கு இன்னொரு செம்பு ஊத்துங்கன்னு சொன்னது நான்தான்" என்றான், தட்டைப் பார்த்தபடி. "அவ போதும்னுதான் சொல்லியிருக்கா. எனக்குத் தெரியல."

"உனக்கு எப்பிடித் தெரியும்ண்ணே."

"இனி இவளுக்குக் கல்யாணம் காச்சி?"

"தெரியலண்ணே. கேக்காத."

அவன் இன்னொரு உருண்டை களி வாங்கிக்கொண்டான்.

கதவை மாட்டியபோது ஒரு சிக்கல் வந்தது. இரும்புக் கதவு சாத்தும்போது டங்கென்று மோதியது. பவானி காதைப் பொத்திக்கொண்டு தெருப்பக்கம் போய்விட்டாள். தங்கப்பாண்டியன் சைக்கிள் கடையில் பழைய டியூப் வாங்கி, பட்டையாகக் கிழித்து, நிலையைச் சுற்றி ஒட்டினான். அதன்பிறகு கதவு சத்தமில்லாமல் மூடியது. அவன் உள்ளே போய்ப் பத்துத் தடவை சாத்திச் சாத்திக் காட்டினான். அவளும் வந்து எட்டிப் பார்த்தாள்.

சுப்புத்தாய் மறுபடி தோட்டத்துக்குப் போக ஆரம்பித்தாள். பவானியும்தான். மாதத்தில் அந்த நாட்களில் மட்டும் இருவரும் வீட்டில் இருந்தார்கள். சுந்தரலிங்கம் ஒன்றும் சொல்லவில்லை. எண்ணெய்க்கும் சோற்றுக்கும் சொல்லுகிற சொல்லை, மேலே கை வைக்கிறவர்களுக்கும் சொல்லச் சுப்புத்தாய் பழக்கினாள். மொக்கம்மாளைத் தோளைத் தொடச் சொல்லுவாள். "என்ன சொல்லணும்?" என்பாள். எத்தனையோ நாள் பவானி பேசாமல் நின்றாள். ஒருநாள் லாரிக்காரர் ஒருவர், பெட்டி வருகிற வழியில் நின்றவளைத் தோளைப் பிடித்து நகர்த்தினார். பவானி பந்தல் முழுக்கக் கேட்கிற மாதிரி, "மதி" என்று கத்தினாள். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த மனுசன் பயந்து பெட்டியைக் கீழே வைத்துவிட்டார். பக்கத்துத் தோட்டத்தில் மருந்தடித்துக்கொண்டிருந்த ராக்கப்பன் ஓடிவந்து, "தப்பா நெனைக்காதீக சேட்டா, அவளுக்கு வெவரம் பத்தாது" என்றான்.

"வெவரமெல்லாம் இருக்கு" என்றாள் சுப்புத்தாய், கத்தரித்த கொத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டே. "தள்ளி நில்லும்மான்னு சொன்னா நிப்பா. தொட வேண்டியதில்ல."

லாரிக்காரர் தலையாட்டினார். பெண்கள் சிரித்தார்கள். அதற்கப்புறம் அந்தத் தோட்டத்தில் பவானியை யாரும் தொட்டு நகர்த்தவில்லை.

நடுவில் சறுக்கலும் இருந்தது. ஒரு மாதம் ரோட்டோரத்தில் வைத்தே மாற்றப் போய்விட்டாள். ஒரு மாதம் இரண்டு நாள் தலையில் அடித்துக்கொண்டு, சாப்பிடாமல் கிடந்தாள். வயிற்று வலி என்று அம்மாவுக்குப் பிறகுதான் பிடிபட்டது. வெந்நீர்ப் பையை வயிற்றில் வைத்ததும் தூங்கினாள். தங்கப்பாண்டியன் வருகிறபோதெல்லாம் உளுந்தங்களி கொண்டுவந்தான். கொழகொழவென்று இருப்பதை அவள் தொடமாட்டாள். அக்கம்மாள் அதே உளுந்தை வடையாகத் தட்டி, கருகலாகப் பொரித்துக் கொடுத்தாள். அதைத் தின்றாள்.

அடுத்த வருடம் ஆடி மாதம். சுருளி மலைப் பக்கமிருந்து காற்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. இடையிடையே சாரல். சுப்புத்தாய் கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். பவானி உள்ளேயிருந்து வந்து பக்கத்தில் நின்றாள். கையில் வேட்டித்துணி மடிப்பு இருந்தது. தானே எடுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"வந்திருக்கா? வா" என்று சுப்புத்தாய் சோப்புக் கையை உதறிவிட்டு எழுந்தாள். வழக்கம்போலக் கதவைத் திறந்து, வாளியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்து, மகளுக்கு உதவ உள்ளே நுழையப் போனாள்.

பவானி கையை நீட்டி அம்மாவின் நெஞ்சில் வைத்தாள். கோபமாக இல்லை. ஆனால் தள்ளத்தான் செய்தாள். சுப்புத்தாய் ஓரடி பின்னால் வந்தாள். கதவு மூடியது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

தாழ்ப்பாள் போட அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சுப்புத்தாய் கதவுக்கு நேரே நின்றாள். விழுந்துவிடுவாளோ, தாழ்ப்பாளைத் திறக்கத் தெரியாமல் உள்ளே மாட்டிக்கொள்வாளோ என்று கதவில் காதை வைத்தாள். கூப்பிட வாயெடுத்தாள். கூப்பிடவில்லை. உள்ளே தண்ணீர் மொள்ளுகிற சத்தம் கேட்டது. சோப்பு டப்பா கீழே விழுந்தது. மறுபடி தண்ணீர்ச் சத்தம்.

மருந்தடித்துவிட்டு வந்த ராக்கப்பன், டேங்கை முதுகிலிருந்து இறக்காமலே கொல்லைப் பக்கம் வந்தான். கைகால் கழுவ வேண்டும்.

"உள்ள யாரு?" என்றான்.

"பவானி."

"நீ இங்கன நிக்கிற?"

"அவ மட்டுந்தான் உள்ள இருக்கா" என்றாள் சுப்புத்தாய். "நீங்க அங்கிட்டுப் போங்க. வயசுப் பொண்ணு குளிக்கிற எடத்துல என்ன வேல?"

அப்படிச் சொல்லிவிட்டு, தானும் நாலடி தள்ளிப் போய், கதவுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.